அரக்கருக்கு இரண்டு, சேற்றருக்குப் பத்து

ஓர் அரக்கனும் ஒரு குள்ளனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் முதலாளியம்மாவின் தம்பி. ஆறு வருடமாக ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, ஆறு இனங்கள், ஐந்து பெரும்போர்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாத இரண்டு ஆறுகள், எல்லாம் சேர்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வருகைப் பதிவேட்டில் 'பணி' என்ற கட்டத்தில் மற்றவர்கள் வெட்டு, ஒட்டு, தட்டச்சு என்று எழுதியபோது அவர் 'படைப்பாளி' என்று எழுதினார். நாங்கள் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

நிறுவனம் என்னவோ அட்டைப்பெட்டி செய்வது. கீழே வெட்டும் இயந்திரம், மடிக்கும் இயந்திரம், பசை வாசனை. மேலே கண்ணாடித் தடுப்புப் போட்ட அலுவலகம். முதலாளியம்மாவுக்கு ஒரு நெடுநாள் ஆதங்கம்: "இத்தனை வருஷமா அடுத்தவங்க சாமானுக்குப் பெட்டி செஞ்சாச்சு. ஒரு தடவையாவது உள்ள இருக்கறதும் நம்மதா இருக்கட்டுமே." அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பலகை விளையாட்டு. பெட்டி அக்காவுடையது, உள்ளே இருக்கும் உலகம் தம்பியுடையது. அந்த உலகத்தைத் தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பும் பாவம் என்னுடையது.

விளையாட்டில் ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு இனத்துக்கும் 'வலு' என்று ஓர் எண் இருந்தது. மோதும் இருவரும் பகடை உருட்டி, விழுந்ததோடு வலுவைக் கூட்டவேண்டும். அதிகம் வந்தவன் அடித்தவன். மற்றவன் பலகையை விட்டு வெளியே. அரக்கருக்கு வலு பத்து. கடைசி இனமான சேற்றருக்கு ஒன்று. வயல் சேற்றில் வாழும், கூன் விழுந்த, கையில் ஆயுதமே இல்லாத சனங்கள் அவர்கள். பெட்டியில் பொம்மை வைக்கும் ஆறு குழிகளில் ஐந்துதான் நிரம்பியது, ஆறாவது காலியாக இருந்தால் அசிங்கம் என்று பிறந்தவர்கள். சேற்றனுக்கு ஆறே விழுந்தாலும் மொத்தம் ஏழு. அரக்கனுக்கு ஒன்று விழுந்தாலும் பதினொன்று. அரக்கர் யார் கையில் போகிறார்களோ அவர் பதினோரு நிமிடத்தில் ஜெயித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார்.

"சேற்றன் ஜெயிக்கவே முடியாதேடா" என்றார் முதலாளியம்மா ஒருநாள்.

"அது அவர்கள் விதி, அக்கா."

"எந்த விதி? புஸ்தகத்துல போடற விதியா, தலையில எழுதற விதியா?"

"என் உலகில் இரண்டும் ஒன்று" என்றார் படைப்பாளி. வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படித்தான் பேசுவார். தண்ணீர் கேட்டால்கூட எழுதிவைத்துப் படிப்பதுபோல இருக்கும்.

எங்கே இடிக்கிறது என்று ஆடிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளியம்மா ஒருவரை அமர்த்தினார். ஐம்பத்தொரு வயது. குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் புகார் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர். புகாரெல்லாம் கைப்பேசிக்குப் போனதும் சன்னலை மூடி அவரையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஐந்து இடத்தில் கேட்டாராம். ஐந்திலும் வயதைக் கேட்டுவிட்டு நாற்காலியைக்கூடக் காட்டவில்லையாம். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். இந்த வேலை போனால் அந்த வருடமும் போகும். இதை அவர் யாரிடமும் முறையிடவில்லை, மூன்று மாதச் சோதனைக் காலம் என்ற தாளில் கையெழுத்துப் போடும்போது, "கடைசி தேதி வெள்ளிக்கிழமைதானே வருது? அன்னிக்குத்தான் பொண்ணுக்குப் பரீட்சைப் பணம் கட்டணும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புகாரக்கா. இருபத்திரண்டு வருடம் புகார் வாங்கியவர் ஒரு புகாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதுதான் அந்தப் பெயரில் இருந்த நகைச்சுவை. எங்கள் நகைச்சுவையின் தரம் அவ்வளவுதான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

'வலு' என்ற சொல் படைப்பாளிக்குச் சட்டென்று அற்பமாகத் தெரிந்துவிட்டது. மாட்டுக்குத் தீனி போடுகிறவன் பேசும் சொல் என்று பிறகு சொன்னார். அச்சாகும் புத்தகத்தில் 'ஆறு இனங்களின் பொருதிறன் ஒப்பீடு' என்று ஒரு முழுப்பக்க அட்டவணை வரவேண்டும்; பொருதல் என்றால் போர் செய்தல்; ஒவ்வொரு எண்ணுக்கும் தன் நூலிலிருந்து பக்கத்தோடு காரணம் காட்டவேண்டும். தேடி எடுத்து எண் போடுவது குமாஸ்தா வேலை என்பதால் அதைப் புகாரக்காவிடம் தரச் சொன்னார். இத்தனையையும் தாளில் எழுதித் தந்தாரா என்றால் இல்லை. படைக்கும்போது விரல்கள் வேறு வேலை செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. பொருள் விளக்கத்தையெல்லாம் என்னிடம் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு, 'ஆறு இனங்களின் பொருதிறன், ஒன்றிலிருந்து பத்துவரை, காரணத்துடன்' என்று நடந்துகொண்டே கைப்பேசியில் குரலாக அனுப்பினார். பின்னணியில் ஏதோ ஒரு லாரி.

நான் கேட்டேன். தட்டச்சு செய்தேன். 'ஆறு இனங்களின் பொறுதிறன்.'

காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணுக்குத்தான் ஒரு சுழி வித்தியாசம். இடையின ர போட்டால் போர் செய்யும் திறன். வல்லின ற போட்டால் பொறுத்துப்போகும் திறன். தாளை வாங்கிப் படித்த புகாரக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வலு இருக்கறது இருக்கட்டும், இது புதுசா இன்னொரு கட்டமா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் அங்கே எனக்கு முழுநேர வேலை.

அவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். இதைச் சாதாரணமாகக் கடந்துபோய்விடாதீர்கள். தட்டச்சு செய்த நான் படித்ததில்லை, விரல்தான் படித்தது. பணம் போட்ட அக்கா படித்ததில்லை. எழுதியவரே திரும்பப் படித்தாரா என்பது சந்தேகம். புகாரக்கா பென்சிலும் அடிக்கோலுமாக உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைப் புத்தகத்தின் மேல் பாரமாக வைத்து, வரி வரியாகப் படித்தார். பதின்மூன்றாம் நாள், அவருடைய சோதனைக் காலம் முடியும் வாரத்தின் செவ்வாய்க்கிழமை, அட்டவணை என் மேசைக்கு வந்தது. நான் வழக்கம்போல விரலால் படித்துப் பக்கம் கட்டி, படைப்பாளியின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது.

முதலாளியம்மா அறையில் நாலு பேர்: முதலாளியம்மா, படைப்பாளி, புகாரக்கா, நான். படைப்பாளி தாளை இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார்.

"அரக்கருக்கு இரண்டு! யார் போட்டது?"

"நான்தான் சார்."

"அம்மா, இவர்கள் அரக்கர். அ-ரக்-கர். கோட்டைக் கதவை ஒற்றைக் கையால் பிடுங்குகிறவர்கள்!"

"ஆமா சார். கதவு தொறக்கற வரைக்கும் நிக்க முடியாமத்தானே பிடுங்கறாங்க?"

முதலாளியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். புகார் சன்னலில் பழகிய நடையிலேயே எழுதப்பட்டிருந்தது.

"அரக்கர், இரண்டு. உலை கொதிக்கும்வரை காத்திருக்க முடியாமல் பானையோடு தின்றிருக்கிறார்கள், பக்கம் 88. பறவையர், மூன்று. கஷ்டம் வந்ததும் பறந்துவிடுகிறார்கள். சிறகு உள்ளவரைப் பொறுமைசாலி என்று சான்றளிக்க இயலாது. நெடுஞ்செவியர், ஐந்து. எண்ணூறு வருடம் வாழ்வதால் பொறுமைசாலிகள் போலத் தோன்றும். ஆனால் மகுடத்தை ஒருவன் தொட்டுவிட்டான் என்பதற்காக முந்நூறு வருடம் அவனோடு பேசவில்லை, பக்கம் 203. இது பொறுமை அல்ல. கோபத்தை ஊறுகாய் போடுவது."

"அக்கா, போதும்" என்றார் படைப்பாளி.

"இரு. நீரர், ஆறு. தண்ணீருக்கடியில் கத்தினால் வெளியே கேட்காது. சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டது. குள்ளர், ஏழு. மலையைக் குடைவதில் அபாரம். உயரத்தைப் பற்றிப் பேசினால் ஒன்று குறைத்துக்கொள்ளவும். சேற்றர், பத்து. ஐந்து இனமும் ஐந்து போரையும் இவர்களுடைய வயலில்தான் நடத்தியுள்ளன. ஒவ்வொரு முறையும் எலும்பைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி விதைத்துள்ளார்கள், பக்கம் 41, 150, 266, 390, 571."

படித்து முடித்து முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதுல என்னடா தப்பு?"

"பொருதிறன் கேட்டேன் அக்கா! போர்! போர்!"

"அப்ப சண்டைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சண்டை என்பது தெருக்குழாயடியில் நடப்பது. பொருதல் என்பது காவியத்தில் நடப்பது."

"குழாயடியிலதான் சார் நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன்" என்றார் புகாரக்கா. கேலியாக இல்லை, தகவலாக.

அது போதுமானதாக இருந்தது. படைப்பாளி பொழிந்து தள்ளினார். தன் உலகத்தை அவமதித்துவிட்டார்கள் என்றார். வீரத்தின் விலை அறியாதவர்கள் கையில் எழுத்து மாட்டிக்கொண்டது என்றார். இந்த அம்மாள் வெள்ளிக்கிழமைக்குமேல் இந்தக் கட்டடத்தில் இருந்தால் தான் இருக்கப்போவதில்லை என்றார். சுழி என்னுடையது. வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சுவரில் கடிகாரம் இருந்தது.

"தட்டச்சுப் பிழையை மன்னிக்கலாம்" என்றார் படைப்பாளி பெருந்தன்மையோடு. "அது இயந்திரத்தின் பிழை. இது அறிவின் பிழை." இயந்திரம் என்று அவர் சொன்னது என்னை.

இவ்வளவு நேரமும் புகாரக்கா என்ன செய்தார்? கையை மடியில் வைத்துக்கொண்டு படைப்பாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குனியவில்லை, முறைக்கவில்லை. நடுநடுவே, மூச்சுவாங்க அவர் நிறுத்தும்போதெல்லாம், "சொல்லுங்க சார்" என்றார். அது பயந்தவரின் 'சொல்லுங்க' இல்லை. குறிப்பெடுத்துக்கொள்கிறவரின் 'சொல்லுங்க'. முதல் 'சொல்லுங்க'வுக்குப் படைப்பாளி மேசையைத் தட்டினார். மூன்றாவதுக்குக் குரல் இறங்கியது. ஆறாவதுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல், "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். கோட்டைக் கதவைப் பிடுங்குகிற வித்தையெல்லாம் நான் எழுத்தில்தான் தட்டியிருக்கிறேன். ஒருவர் தனக்கே தெரியாமல் தோற்பதை நேரில் பார்த்தது அன்றுதான்.

முதலாளியம்மா தம்பியைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், முப்பது வருஷமா பெட்டி விக்கறேன். இந்தப் பெட்டி எவ்வளவு பலமா அடிக்கும்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. இதுக்கு மேல எத்தனை பெட்டி அடுக்கலாம்னுதான் கேப்பாங்க." பிறகு புகாரக்காவிடம் திரும்பினார். "இந்த எண்ணை வச்சு எப்படிங்க ஆடறது?"

"சன்னலுக்கு வர்றவங்களை வச்சுச் சொல்றேன் மேடம். கத்தறவங்க ரெண்டு தடவை கத்துவாங்க. எதிர்ல இருக்கறவ அசையலன்னா மூணாவதுக்குக் கிளம்பிப் போயிடுவாங்க. கத்தறதும் களைப்புதானே? அதனால அடி வாங்கறவனுக்கு ஒண்ணு குறையணும். அடிச்சும் எதிரி விழலன்னா, அடிச்சவனுக்கும் ஒண்ணு குறையணும். எண் தீந்தவன் பலகையை விட்டுப் போகணும்."

முதலாளியம்மா விரல்விட்டு எண்ணினார். பத்து வலுவுள்ள அரக்கன் சேற்றனை இரண்டு முறை அடிப்பான். சேற்றனுக்கு இன்னும் எட்டு இருக்கும். அரக்கன் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

"வெள்ளிக்கிழமை பொம்மைக் கடைக்காரர் வர்றாரு" என்றார். "ரெண்டு மாதிரியும் ஆடிக் காட்டுவோம். அவருக்கு உன் மாதிரி பிடிச்சா உன் பேச்சு. இவங்க மாதிரி பிடிச்சா இவங்க வேலையில இருப்பாங்க. முடிஞ்சது."

புகாரக்கா எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவைத்துவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்தும்போது கைப்பிடியை அவர் விட்ட இடத்தில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அவ்வளவு வியர்த்திருந்தது என்பது முகத்தில் தெரியவே இல்லை.

பொம்மைக் கடைக்காரருக்குப் பதினோரு கடைகள். பார்க்க யாரோ ஒருவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா போல இருப்பார். உட்காரும்போதே கிளம்பப் போகிறவர்போல் விளிம்பில் உட்காருவார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தவர், "பதினொண்ணரைக்கு எனக்கு இன்னொரு இடத்துல வேலை இருக்கு, சீக்கிரம் காட்டுங்க" என்றார்.

முதலில் பழைய மாதிரி. படைப்பாளி ஒவ்வொரு பொம்மையையும் அறிமுகப்படுத்த வம்சாவளியோடு ஆரம்பித்தார். அரக்கரின் மூன்றாம் தலைமுறைக்கு வருவதற்குள் கடைக்காரர், "எது பெருசோ அதை எனக்குக் குடுங்க" என்று அரக்கரை அள்ளிக்கொண்டார். படைப்பாளி நெடுஞ்செவியரை எடுத்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிடம் நெடுஞ்செவியர் இனமே பூண்டோடு அழிந்தது. "ஜெயிச்சுட்டேனா?" என்றார் கடைக்காரர். ஜெயித்தவர் முகத்தில் அவ்வளவு அலுப்பை நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு மாதிரி இருக்கு" என்றார் முதலாளியம்மா. "எதிர்ல இவங்க ஆடுவாங்க."

புகாரக்கா வந்து உட்கார்ந்து சேற்றரை எடுத்தார். கடைக்காரர் சிரித்தார். "என்னங்க, இதுங்க கையில ஒண்ணுமே இல்லையே?"

"இல்லைங்க. நீங்க அடிங்க."

அடித்தார். முதல் அரக்கன் இரண்டு அடி கொடுத்துவிட்டு வெளியேறினான். இரண்டாமவனும் அப்படியே. "ஏய், எங்கடா போறே?" என்று கடைக்காரர் பொம்மையையே திட்டினார். நாலாவது அரக்கன் கிளம்பியபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். புகாரக்கா ஒரு சேற்றனைக்கூட ஓட விடவில்லை, பாயவிடவும் இல்லை. ஒரு கட்டம், ஒரு கட்டம் என்று நகர்த்திக்கொண்டே வந்து, பலகையின் மறுமுனையில் இருந்த அரக்கர் கோட்டையின் வாசலில் நிறுத்தினார். முதல் ஆட்டம் அவருக்கு.

"இன்னொண்ணு" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்குப் பதினொண்ணரைக்கு..." என்று நான் நினைவுபடுத்தினேன்.

"அது கெடக்குது. போடுங்க."

இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அரக்கன் ஒருவன் இரண்டு அடி; ஐந்து அரக்கரை ஒரே சேற்றனைச் சுற்றி நிறுத்தினால் பத்து. நிறுத்தினார். நாலு அரக்கர் வீட்டுக்குப் போக, ஐந்தாமவனின் கடைசி அடியில் அந்த ஒரு சேற்றன் சாய்ந்தான். கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். ஐந்து பேர் சேர்ந்து நிராயுதபாணி ஒருவனைச் சாய்த்ததை இவ்வளவு கொண்டாட முடியும் என்று எனக்குத் தெரியாது. அதிலும் கடைசியில் தோற்றார். மணி பன்னிரண்டே முக்கால்.

"இதை எடுத்துக்கறேன்" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பதினோரு கடையிலயும் வைக்கலாம். ஒண்ணே ஒண்ணு. இந்தத் தலகாணி புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. எட்டுப் பக்கத்துல எப்படி ஆடறதுன்னு போட்டா போதும். எவன் படிப்பான் இதையெல்லாம்? வேலைவெட்டி இல்லாத யாரோ உக்காந்து எழுதியிருக்கான்."

அந்த 'யாரோ' அங்கேதான் சன்னலோரம் நின்றிருந்தார். நெடுஞ்செவியர் அழிந்ததுமே அங்கே ஒதுங்கியிருந்தார். இப்போது கறுப்பு முழுக்கைச் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினார். அவருக்கு நாங்கள் ஆறு வருடம் வேண்டிக்கொண்ட மூக்குடைப்பு, இதோ வெள்ளித்தட்டில் வந்து நிற்கிறது. ஏனோ எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியம்மா, "அதுக்கென்ன, எடுத்துடலாம்" என்று வாயெடுத்தார். விஷயம் முடிந்தது. புகாரக்காவுக்கு வேலை கிடைத்தாகிவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

"நான் படிச்சேன்" என்றார் புகாரக்கா.

கடைக்காரர் திரும்பினார். "என்னம்மா?"

"எவன் படிப்பான்னு கேட்டீங்களே. நான் படிச்சேன். முழுசும்." எழுந்துவிட்டார். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. "அரக்கருக்கு எதுக்கு ரெண்டு போட்டிருக்கேன், பூஜ்யம் போடலன்னு தெரியுமா உங்களுக்கு? பக்கம் முந்நூத்தி நாப்பத்தேழு. தலைவன் நாலு நாளா தூங்காம இப்பத்தான் கண்ணை மூடியிருக்கான். காவலுக்கு ஒரு அரக்கன் நிக்கறான். அவன் புருவத்துல ஒரு கொசு உக்காந்து கடிக்குது. அடிச்சா சத்தம் கேக்கும், தலைவன் முழிச்சுக்குவான். அவ்வளவு பெரிய கையை வச்சுக்கிட்டு அவன் அந்தக் கொசுவைப் பாத்துக்கிட்டே நிக்கறான். அது குடிச்சு முடிச்சுப் பறந்துபோற வரைக்கும். அந்த ஒருத்தனுக்காகத்தான் அந்த இனத்துக்கே ரெண்டு போட்டேன். இந்தப் புஸ்தகம் இல்லன்னா அந்த ரெண்டு ஏதுங்க? நீங்க இவ்வளவு நேரம் எதை வச்சு ஆடினீங்க?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இருங்க, நான் முடிச்சுக்கறேன். இதுல அறுபது பக்கம் குப்பை இருக்கு. எந்த அறுபதுன்னும் எனக்குத் தெரியும். ரெண்டு ஆறும் எங்க போகுதுன்னே தெரியல. ஒரு குள்ளன் ரெண்டு தடவை சாகறான். ஆனா அதை நான் சொல்லலாம், நீங்க சொல்லக் கூடாது. நீங்க படிக்கல."

பதினோரு கடைக்குச் சொந்தக்காரர் கையில் இருந்த அரக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பாதி வகுப்பில் நுழைந்த மாணவன்போல், "அந்தக் கொசு எந்தப் பக்கம்னீங்க?" என்றார்.

படித்தார். நின்றபடியே படித்தார். புத்தகத்தை மூடாமல், "சரி, அறுபதை எடுத்துட்டு மிச்சத்தைத் தனியா ஒரு புஸ்தகமா பெட்டியில வைங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இனங்களின் பொருதிறனைப் பற்றி எனக்கிருந்த எல்லாக் கருத்துகளும் அந்த இரண்டு நிமிடத்தில் தலைகீழாயின. பத்து மதிப்பெண் பொறுமை உள்ளவர் ஒருவர், பதினேழு நிமிடம் தன்னைத் திட்டியவருக்காக எழுந்து நின்றால், அந்தக் கட்டடத்தில் எந்த அரக்கனும் எதிரே நிற்க முடியாது. தனக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கவனித்தேன்.

படைப்பாளி சன்னலோரத்திலிருந்து வந்தார். தாடியை இரண்டு முறை தடவிக்கொண்டார்.

"அக்கா, இவங்க இங்கதான் இருக்கணும்" என்றார். சாதாரணத் தமிழ். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"செவ்வாய்க்கிழமை இவங்க போகணும்னியே?"

"செவ்வாய்க்கிழமை என்னை ஒருத்தங்க படிச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியலக்கா."

முதலாளியம்மா இழுப்பறையிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்தார். நாலு பக்கம், தேதி முதற்கொண்டு போட்டுத் தயாராக இருந்தது. எப்போது தயாரித்தார் என்று நான் கேட்கவில்லை. படைப்பாளி தன்னுடைய பேனாவை, யார் தொட்டாலும் உறுமும் பேனாவை, மூடியைக் கழற்றி நீட்டினார்.

புகாரக்கா பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கீழே இயந்திரங்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஓய்ந்துவிட்டன. படைப்பாளி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"எல்லாம் வழக்கமா இருக்கறதுதாங்க" என்றார் முதலாளியம்மா. "கையெழுத்து கடைசிப் பக்கத்துல."

"வர்றேன் மேடம்." விரல் ஒரு வரியில் நின்றது. "வருஷத்துக்கு லீவு பன்னிரண்டு நாள்னு இருக்கு. பதினஞ்சு வேணும்."

முதலாளியம்மாவின் புருவம் உயர்ந்தது. "எல்லாருக்கும் பன்னிரண்டுதானே?"

"எனக்குப் பதினஞ்சு வேணும் மேடம்."

"சரி, பதினாலு."

புகாரக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கத் தயார் என்பதுபோல.

"குடுத்துடு அக்கா" என்றார் படைப்பாளி பதறிப்போய்.

முதலாளியம்மா தம்பியின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, பன்னிரண்டை அடித்து, மேலே பதினைந்து என்று எழுதினார். புகாரக்கா நன்றி சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.